பதினொரு நாள் பாக்கியம் மாமி

அரசாங்கப் பதிவேட்டின்படி நான் பதினொரு நாள் ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணாக இருந்திருக்கிறேன். பெயர் திருமதி பாக்கியம் தம்பையா. விலாசம் முரசுமோட்டை. இரத்தப் பரிசோதனை முடிவு: மலேரியாக் கிருமி உண்டு. இதில் கடைசி விவரம் மட்டும்தான் எனக்குப் பொருந்தும். மற்றதெல்லாம் நானே என் கையால் எழுதிய பொய்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அறுபதுகளின் தொடக்கம். கிளிநொச்சியில் மலேரியா ஒழிப்புக் கந்தோர் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. எங்கள் குடும்பத்தில் அரசாங்கச் சம்பளம் எடுத்த முதல் ஆள் நான்தான். அதனால் ஐயா வல்வெட்டித்துறைச் சந்தியில் நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "மகன் டொக்டருக்கு அடுத்த ஆள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். (டொக்டருக்கும் எனக்கும் இடையில் குறைந்தது பதினைந்து பேர் இருந்தார்கள். அதில் ஜீப் சாரதியும் அடக்கம்.) எனக்குத் தந்தது ஒரு சைக்கிள், ஒரு காக்கிச் சட்டை, ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் குத்தூசி, ஸ்பிரிட், பஞ்சு, கண்ணாடித் தகடுகள், மாத்திரைகள். ஊருக்குள் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மலேரியாத் தம்பி என்றுதான் சொல்வார்கள்.

வன்னியில் அந்தப் பெயரை விளையாட்டாகச் சொல்ல முடியாது. காடு வெட்டி வயலாக்க வந்த குடும்பங்களில் மலேரியாவுக்கு ஒரு உயிரையாவது கொடுக்காத வீடு குறைவு. பிறகு சுவர்களுக்கு மருந்தடித்து, காய்ச்சல்காரரைத் தேடித் தேடி மாத்திரை கொடுத்து, ஒருவழியாக அதை ஊரைவிட்டுக் கலைத்திருந்தார்கள். இனி அது வருவதென்றால் வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்று எங்கள் டொக்டர் சொல்வார். கப்பலேறி இந்தியாவுக்குப் போய்வரும் ஒருவர் தன் இரத்தத்தில் கிருமியைக் கொண்டுவந்தால் போதும். அவரைக் கடிக்கும் நுளம்பு அடுத்த வீட்டுக் குழந்தையையும் கடிக்கும். அவ்வளவுதான், ஊர் பழையபடி பாயில் கிடக்கும்.

ஆகவே தலைமன்னாரில் கப்பலால் இறங்குகிறவர்களின் பெயரும் விலாசமும் எங்களுக்குத் தபாலில் வரும். நான் சைக்கிளில் போய் ஆளைத் தேடிப் பிடித்து மூன்று கேள்வி கேட்பேன். கடந்த மூன்று மாதத்தில் எந்த நாட்டுக்குப் போனீர்கள்? எத்தனை இரவு தங்கினீர்கள்? காய்ச்சல், குளிர் உண்டா? பிறகு இடது கை மோதிர விரலில் ஒரு குத்து, தகட்டில் ஒரு சொட்டு இரத்தம். "எறும்பு கடிச்ச மாதிரித்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே குத்துவேன். சொல்லும்போது முகத்தில் ஒரு பெரிய மனுசச் சிரிப்பும் வரும். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே ஓர் அறை கொடுக்கவேண்டும் போல இருக்கிறது.

ஐப்பசி மழை பிடித்த நேரத்தில் வந்த பட்டியலில் பாக்கியம் மாமியின் பெயர் இருந்தது. சிதம்பரம், இராமேஸ்வரம் எல்லாம் யாத்திரை போய் வந்திருந்தார். கணவர் தம்பையருக்கு முரசுமோட்டையில் வயல். யாத்திரையில் கொண்டுவந்த தீர்த்தத்தை மாமி ஒழுங்கையில் ஒரு வீடு மிச்சமில்லாமல் சின்னச் சின்னப் போத்தல்களில் கொடுத்திருந்தார். ஊரில் அவ்வளவு மதிப்பு. நான் சைக்கிளைச் சாத்திவிட்டுப் பெட்டியைத் திறக்கப் போனேன். மாமி படலையிலேயே மறித்தார்.

"தம்பி, நான் கேதார கௌரி விரதம். இருபத்தொரு நாள். இண்டைக்கு ஆறாம் நாள். ரத்தம் எடுக்கிற கதையே இருக்கப்படாது."

"ஒரு சொட்டுத்தான் மாமி. எறும்பு கடிச்ச மாதிரித்தான்..."

"எறும்பு கடிச்சால் அது எறும்பின்ரை குற்றம். நானாய்க் கையை நீட்டிக் குடுத்தால் அது என்ரை குற்றம். ரத்தம் சிந்தினால் துடக்கு. துடக்கு வந்தால் விரதம் போச்சு. விரதம் முடிய வாரும், பத்து விரலையும் தாறன்."

உள்ளே கதிரையில் இருந்த தம்பையர் என்னைப் பார்த்துக் கையால் 'போம் போம்' என்று சைகை காட்டினார். பிறகு சைக்கிள்வரை கூட வந்தார். "தம்பி, அவவோடை கதைச்சு வெண்டவை இந்தப் பக்கத்திலை ஒருத்தரும் இல்லை. இந்த விரதமே உம்மடை மலேரியாவாலை வந்ததுதான். காடு வெட்ட வந்த புதிசிலை நான் காய்ச்சலிலை கிடந்தனான். பிழைக்க மாட்டன் எண்டு எல்லாரும் விட்டிட்டினம். இவ அப்ப பிடிச்ச விரதம். பதினெட்டு வருசம், ஒரு நாள் பிசகேல்லை" என்றார்.

நியாயமான மனிதன் என்றால் அத்தோடு விட்டிருப்பான். படிவத்தில் 'மறுப்பு' என்று எழுத ஓர் இடமும் இருந்தது. ஆனால் என் படிவங்களில் அதுவரை அந்தச் சொல் வந்ததே இல்லை. டொக்டர் ஒருமுறை கூட்டத்தில் அதைச் சொல்லிப் பாராட்டியிருந்தார். அந்தப் பாராட்டை நான் ஐயாவுக்குக் கடிதமாக எழுத, ஐயா அதைச் சந்தியில் வாசித்துக் காட்டியிருந்தார். இந்த நிலையில் மறுப்பு என்று எப்படி எழுதுவது?

எட்டாம் நாள் மறுபடி போனேன். இந்தமுறை அழுகையைக் கையில் எடுத்தேன். "மாமி, ரத்தம் இல்லாமல் போனால் என்னை வேலையாலை நிப்பாட்டிப் போடுவினம். ஐயாவுக்கு நெஞ்சு வருத்தம். கேள்விப்பட்டால் தாங்கமாட்டார்." (வேலையால் நிறுத்துவதாக யாரும் சொல்லவில்லை. ஐயாவுக்கு நெஞ்சு கல் மாதிரி இருந்தது.) மாமியின் முகம் வாடிவிட்டது. உள்ளே போனார், வெளியே வந்தார், மறுபடி உள்ளே போனார். கடைசியில், "இல்லைத் தம்பி. என்னாலை ஏலாது. கோவிக்காதையும்" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

திரும்பும் வழியில் வாய்க்கால் மதகொன்று இருக்கிறது. அதில் குந்தினேன். பெட்டியைத் திறந்தேன். ஒரு தகட்டை எடுத்து அழகான கையெழுத்தில் 'பாக்கியம் தம்பையா, 52, பெண்' என்று எழுதினேன். மாமிக்குக் காய்ச்சலும் இல்லை, குளிரும் இல்லை. எப்படியும் 'கிருமி இல்லை' என்றுதான் வரப்போகிறது. அதற்கு யாருடைய இரத்தமாக இருந்தால் என்ன?

என் விரலுக்கு ஸ்பிரிட் பூசி ஊசியைக் கிட்டக் கொண்டுபோனேன். ஊரையெல்லாம் குத்திய கை அங்கே நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு குத்தினேன். நகத்தில் பட்டு வழுக்கியது. இரண்டாம் குத்து எலும்புவரை போனது. நான் போட்ட சத்தத்தில் வாய்க்காலில் கிடந்த எருமையொன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. எந்த எறும்பும் அப்படிக் கடிக்காது. இரத்தத்தைத் தகட்டில் தடவிக் காயவைத்து, பெட்டியில் வைத்து, அன்றே ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிட்டேன். அன்று பின்னேரம் உடம்பு கொஞ்சம் உளைந்தது. சைக்கிள் மிதித்த களைப்பு என்று நினைத்தேன்.

நான் தங்கியிருந்தது பரந்தன் சந்தியில், காசிம் நானாவின் தேநீர்க் கடைக்குப் பின்னால் ஓர் அறையில். நானாவின் மனைவிக்கு அப்போதுதான் மூன்றாவது குழந்தை பிறந்து நாற்பது நாள் கழிந்திருந்தது. அடுத்த கிழமையே எனக்குக் குளிர் தொடங்கியது. முதல் நாள் இரண்டு போர்வை. அடுத்த நாள் ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாள் மறுபடி அதே நேரம், அதே நடுக்கம், பிறகு அனல், பிறகு வியர்வை. நானா கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துத் தந்தார்.

"தம்பி, முந்தாநாளும் இந்த நேரத்துக்குத்தானே கிடந்து நடுங்கினீங்க?"

"மழையிலை நனைஞ்சது, நானா."

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் மட்டுமா நனைஞ்சீங்க?"

நானா தேநீர் ஆற்றுகிற மனிதர். நான் மலேரியாப் பயிற்சி பெற்றவன். ஒரு நாள் விட்டு ஒரு நாள், குளிர், காய்ச்சல், வியர்வை என்று பள்ளிக்கூடங்களில் சுவரில் படம் மாட்டிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன். அவருக்குப் பட்ட சந்தேகம் எனக்குப் படவில்லை. மலேரியா என்பது மற்றவர்களுக்கு வருகிற வருத்தம் என்றொரு நம்பிக்கை எனக்குள் இருந்திருக்கவேண்டும்.

விரதத்தின் பதினேழாம் நாள் பின்னேரம், அன்றைய குளிரும் காய்ச்சலும் விட்டு, வியர்த்து விறுவிறுத்துக் கந்தோருக்குப் போனேன். மேசையில் தந்தி கிடந்தது. பாக்கியம் தம்பையாவின் இரத்தத்தில் கிருமி உண்டு, நாளை மறுநாள் டொக்டர் நேரில் வருகிறார்.

ஐயோ பாவம் மாமி என்று நினைத்தேன். உண்மையாகத்தான் சொல்கிறேன். கதிரையில் இருந்து, ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்து, அந்த அம்மாவுக்கா இப்படி வரவேண்டும் என்று நல்லாக வருத்தப்பட்டேன். கிளாசைக் கீழே வைக்கும்போதுதான் என் இடது கை மோதிர விரல் கண்ணில் பட்டது.

இரண்டாவது பொய்யையும் இப்போது சொல்லவேண்டும். விரதம் தொடங்குவதற்கு ஒரு கிழமை முன்பு, இல்லாத ஒரு பெரியம்மாவைச் சாகடித்து, அவருடைய எட்டுச் செலவுச் சடங்குக்கு என்று எழுதிக் கொடுத்து, நான்கு நாள் லீவு எடுத்திருந்தேன். உண்மையில் போனது மச்சானின் வள்ளத்தில் நாகபட்டினத்துக்கு. எங்கள் பக்கத்தில் அது பெரிய விசயமில்லை. அக்கரையில் புதுப்படம் வந்தால் வள்ளம் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். இரண்டு இரவு ஒரு சாக்குக் கடையின் விறாந்தையில் படுத்தோம். நுளம்பு தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. "மலேரியாக்காரன் நீ, உன்னைக் கடிக்க அதுக்குப் பயமில்லையோ?" என்று மச்சான் கேட்க நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தலைமன்னார்ப் பட்டியலில் வராத வழியால் போய், வராத வழியால் திரும்பினேன். வெளிநாடு போய் வந்தவர்களைக் கண்காணிக்க அரசாங்கம் வைத்திருந்த ஆள், கள்ளத்தோணியில் வெளிநாடு போய் வந்தவன்.

மாத்திரை என் பெட்டியிலேயே இருந்தது. எடுத்து விழுங்கியிருக்கலாம். ஆனால் விழுங்கினால் எனக்கு மலேரியா என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். இல்லை இல்லை, தகடு எங்கேயோ மாறியிருக்கும் என்று அன்றிரவு முழுக்க எனக்கு நானே வழக்காடினேன். சுவருக்கு அப்பால் நானாவின் குழந்தை சிணுங்கும்போதெல்லாம் பாயில் எழும்பி இருந்தேன். அந்தக் குழந்தையைக் கடிக்கிற நுளம்பு என்னையும் கடித்துத்தானே இருக்கும்?

மறுநாள் மாமிக்குச் செய்தி சொல்லவேண்டியது என் கடமை. தந்தி எனக்கு வந்த நேரத்திலேயே ஊருக்கும் வந்துவிட்டது என்பதை ஒழுங்கைக்குள் திரும்பியதும் கண்டேன். ஒரு வீட்டுக்காரி படலைக்கு வெளியே நின்று, மாமி கொடுத்த தீர்த்தப் போத்தலை வேலியடியில் கவிழ்த்து ஊற்றிக்கொண்டிருந்தார். "இந்தியாவிலையிருந்து தீர்த்தத்தோடை காய்ச்சலையும் எல்லே கொண்டந்திருக்கிறா" என்று அடுத்த வீட்டுக்காரிக்குச் சொல்வது கேட்டது. மாமியின் கிணற்றில் வழக்கமாகத் தண்ணீர் அள்ளுகிறவர்கள் ஒருவரும் இல்லை. மாமி தன் வாசலில் தனியே நின்று ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னைக் காணுமுன் நான் சைக்கிளைத் திருப்பிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு வேகமாகச் சைக்கிள் ஓடியது அதற்கு முன்னுமில்லை, பின்னுமில்லை.

பத்தொன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு டொக்டரின் ஜீப் வந்தது. பின்னால் மருந்தடிக்கிறவர்களின் லொறி. டொக்டர் மெலிந்த மனிதர், சத்தம் போட்டுப் பேசமாட்டார், மடியில் எப்போதும் ஒரு குடை. நான் பின் இருக்கையில் இருந்து இரண்டு விசயங்களைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று, மாமி வாயைத் திறந்து 'என்னட்டை ஒருத்தரும் ரத்தம் எடுக்கேல்லையே' என்று ஒரு வசனம் சொன்னால் போதும், என் வேலை அந்த முற்றத்திலேயே முடிந்துவிடும். இரண்டாவது, பதினேழாம் நாள் குளிர் வந்தது பதினொரு மணிக்கு. பதினைந்தாம் நாளும் பதினொரு மணிக்குத்தான். இன்று பத்தொன்பது.

"இப்ப நேரம் என்ன, சேர்?"

"பத்து இருபது. ஏன், அவசரமோ?"

"இல்லை சேர்."

டொக்டருக்கு ஓர் அவசரமும் இருக்கவில்லை. ஒவ்வொரு வாய்க்காலிலும் ஜீப்பை நிறுத்தி இறங்கி, தண்ணீரில் நுளம்புக் குடம்பிப் புழு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். அந்த மதகிலும் நிறுத்தினார். எருமை அங்கேயே கிடந்தது. அது என்னைப் பார்த்த பார்வையில் எல்லாவற்றையும் சொல்லிவிடப்போகிறதோ என்றுகூடப் பயந்தேன். மாமி வீட்டுப் படலையைத் திறக்கும்போது டொக்டரின் மணிக்கூடு பத்து நாற்பது.

தம்பையர் கதிரை எடுத்துப் போட்டார். மாமி குளித்து, விபூதி பூசி, கூந்தலை முடிந்துகொண்டு நின்றார். முகம் வீங்கியிருந்தது. டொக்டர் நிதானமாக விளக்கினார். இந்தியப் பயணம், கிருமி, நுளம்பு, அயல்வீட்டுக் குழந்தைகள். பத்து ஐம்பது. என் முதுகில் சில்லென்று ஏதோ ஊர்ந்தது.

"அம்மா, பதினொரு நாளுக்கு முந்தி இந்தத் தம்பி உங்களிட்டை வந்து ரத்தம் எடுத்தவர்தானே?"

மாமி என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். முற்றத்தில் ஒரு கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. அது கிளறி, கொத்தி, நகர்ந்து, மறுபடி கிளறியது. முந்தின நாள் முழுக்க அவர் தனியே இருந்து யோசித்திருக்கிறார், எல்லாம் விளங்கிவிட்டது என்று அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்தது.

"ஓம்," என்றார் மாமி. "எடுத்தவர்."

காப்பாற்றிவிட்டார். சந்தோசப்பட்டிருக்கவேண்டும். ஆனால் டொக்டர் நிறுத்தவில்லை. "அப்ப உறுதிப்படுத்த இன்னொருக்கால் எடுப்பம். எடுத்த கையோடை மாத்திரையும் தொடங்கவேணும். வெறும் வயித்திலை குடிக்கேலாது, சாப்பிட்டிட்டுத்தான் குடிக்கவேணும்."

தம்பையர் எழும்பிவிட்டார். "டொக்டர், அவ விரதம். இன்னும் இரண்டு நாள்தான்..."

"நீங்கள் சும்மா இருங்கோ," என்றார் மாமி. கிணற்றடிக்குப் போய்க் கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, இடது கையை நீட்டினார். "எடுங்கோ."

டொக்டர் ஊசியை என்னிடம் தந்தார். "நீர்தானே எடுக்கிறனீர். எடும்."

சரியாக அந்த நேரம் குளிர் வந்தது. கால் பெருவிரலில் பிடித்து முழங்காலுக்கு ஏறி, பல்லுக்கு வந்துவிட்டது. ஊசி கையில் துள்ளியது. வெயில் சுள்ளென்று எறிக்க, நான் மட்டும் மார்கழியில் நின்றேன். மாமி நான் பயத்தில் நடுங்குவதாக நினைத்துவிட்டார். டொக்டருக்குக் கேட்காமல், மெதுவாகச் சொன்னார்:

"குத்து, தம்பி. எறும்பு கடிச்ச மாதிரித்தானே. உன்ரை வேலை நிலைக்கட்டும். கொப்பர் நெஞ்சு வருத்தக்காரன் எண்டனீ."

பதினெட்டு வருட விரதம். இன்னும் இரண்டு நாள். நான் அழுது காட்டிச் சொன்ன ஒரு பொய்க்காக அந்த விரல் நீட்டியபடி இருந்தது. எனக்கு என்மேல் வந்த அருவருப்பு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

"கையை எடுங்கோ மாமி," என்றேன். பல் அடித்துக்கொண்டதில் வார்த்தை துண்டு துண்டாகத்தான் வந்தது. "அந்தக் கண்ணாடியிலை... இருந்தது... என்ரை ரத்தம்."

டொக்டர் குடையைக் கீழே வைத்தார். "என்ன சொன்னீர்?"

கால் மடங்கி முற்றத்தில் இருந்துவிட்டேன். அடுத்த நிமிடம் என்னை விறாந்தைக்கு இழுத்துப் பாயில் போட்டு, மாமி யாத்திரையில் வாங்கிவந்த புதுக் கம்பளி, நெற்சாக்கு மூன்று, தம்பையரின் வேட்டிகள் எல்லாவற்றையும் மேலே போட்டார்கள். அப்படியும் நான் பாயோடு சேர்ந்து துள்ளினேன். "இதுக்குச் சாக்குக் காணாது. அந்த நாளையிலை எனக்கு மேலை ஆக்கள்தான் ஏறி இருந்தவை" என்று சொல்லிக்கொண்டு தம்பையர் வந்து என் மேல் இருந்தார். நல்ல பாரமான மனிதர். அந்தக் கோலத்தில், தம்பையருக்குக் கீழே இருந்து நீண்டு வந்த என் விரலை டொக்டர் தன் கையாலேயே குத்தினார். பிறகு என் பெட்டியைத் திறந்து, என் படிவத்தை எடுத்து, என் கேள்விகளையே என்னிடம் கேட்டார்.

"கடந்த மூண்டு மாதத்திலை நாட்டை விட்டு வெளியிலை போனனீரோ?"

"போ... போனனான்."

"எத்தினை இரவு?"

"இர... இரண்டு."

"என்ன அலுவலாய்?"

வேலிக்கு வெளியே அதற்குள் அரை ஊர் கூடிவிட்டது. தீர்த்தம் ஊற்றியவர்கள் முன் வரிசையில் நின்றார்கள்.

"படம் பார்க்க."

குசினி வாசலில் நின்ற மாமிதான் கேட்டார்: "படம் நல்லமோ?"

டொக்டரைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள். என் மேல் இருந்த தம்பையர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் எனக்கு விலா நொந்தது. டொக்டர் மட்டும் எழுதி முடித்து, பேனையை மூடி, மெதுவாகச் சொன்னார். "நீர் இரண்டு கிழமையாய் இந்த ஊர் நுளம்புக்குச் சோறு போட்டிருக்கிறீர். உமக்கு வேலை போறதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நீர் இருக்கிற இடத்திலை ஒரு கைக்குழந்தை இருக்கெல்லோ?" சிரிப்பு அத்தோடு நின்றது. சாக்குக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு நான் அழுதேன். குளிருக்கு அழுததாக எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

பிறகு அவர் மாமியின் பக்கம் திரும்பினார். "ஏன் அம்மா பொய் சொன்னீங்கள்?"

"விரதகாரி பொய் சொல்லப்படாதுதான்," என்றார் மாமி. "அதை நான் அம்மனோடை கதைச்சுக் கொள்ளுறன். இவன் எழும்பினாப் பிறகு எனக்கு ஒரு அலுவல் செய்து தரட்டும்."

அந்த அலுவல்தான் எனக்குக் கிடைத்த தண்டனைகளிலேயே பெரியது. காய்ச்சல் இறங்கியதும், மிச்சமிருந்த தீர்த்தச் செம்பை மாமி என் கையில் தந்தார். ஒழுங்கையில் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடுவரை நான் போகவேண்டும். ஒவ்வொரு படலையிலும் நின்று, "காய்ச்சல் மாமிக்கில்லை, எனக்கு. ரத்தமும் மாமியினதில்லை, என்ரை" என்று சொல்லி, ஊற்றிய தீர்த்தத்துக்குப் பதில் தீர்த்தம் கொடுக்கவேண்டும். சில வீடுகளில் காது கேளாதவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கத்திச் சொன்னேன். நான்காவது வீட்டில் ஒரு கிழவர் படத்தின் கதையையும் கேட்டார். சொல்லாமல் விடவில்லை.

பரந்தன் சந்தியில் நானாவின் வீட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் எல்லாருக்கும் இரத்தம் எடுத்தார்கள். நானாவின் குழந்தையின் குதிக்காலில் குத்தும்போது நான் வெளியே போய் நின்றேன். முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. காசிம் நானா ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. தினமும் அதே தேநீரைத் தந்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் நித்திரையாவது வந்திருக்கும். ஒருவருக்கும் கிருமி இல்லை என்று தந்தி வந்த அன்று, குழந்தையை என் மடியில் கொண்டுவந்து வைத்தார். நான் அழுத அழுகையில் அதுவும் பயந்து வீறிட்டது.

மாமியின் விரதம் இருபத்தொரு நாளும் பிசகாமல் முடிந்தது. அடுத்த நாள் காலையிலேயே அவர் கந்தோருக்கு வந்து, "இந்தாரும், பத்து விரல். எது வேணுமோ எடும்" என்று மேசையில் இரண்டு கையையும் வைத்தார். விரதப் பலகாரமாக ஒரு பெட்டி அரியதரமும் எனக்காகக் கொண்டுவந்திருந்தார். அவருடைய இரத்தத்தில் கிருமி இல்லை.

வேலை போகவில்லை. டொக்டர் அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதினார், வள்ளத்தை மட்டும் எழுதவில்லை. அது ஏன் என்று நான் கேட்கவுமில்லை. என்னிடமிருந்து ஊசியை வாங்கிக்கொண்டு, ஆய்வுகூடத்தில் தகடு கழுவ விட்டார்கள். ஒரு வருடம் கழுவினேன். ஐயா சந்தியில், "மகனை டொக்டர்மார் தங்களோடையே வைச்சிருக்கினம்" என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டார்.

இந்தக் கதை என்னோடு புதைந்திருக்கும். ஆனால் என் கலியாணத்துக்குப் பாக்கியம் மாமியையும் தம்பையரையும் கூப்பிட்டுவிட்டேன். பந்தியில் பெண் வீட்டாருக்கு நடுவில் இருந்து, முதலாவது சோற்றுக்கும் பாயாசத்துக்கும் இடையில் மாமி அதை முழுதாகச் சொல்லி முடித்தார். நடுக்கத்தைத் தம்பையர் நடித்துக் காட்டினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் தும்மினால் ஒருவரும் நூறு வயது என்று சொல்வதில்லை. "எந்த நாட்டுக்குப் போட்டு வாறியள்?" என்றுதான் கேட்பார்கள்.

போன வருடம் நானும் மனைவியும் காசிக்குப் போய் வந்தோம், முறையாகக் கடவுச்சீட்டோடு. வந்து மூன்றாம் நாள் படலையில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. சுகாதாரப் பகுதியிலிருந்து ஓர் இளம் பெண், தோளில் பை. அதே மூன்று கேள்விகள். நான் பதில் சொல்லிவிட்டு, "பொறும் பிள்ளை, கையைக் கழுவிக்கொண்டு வாறன்" என்று எழும்பினேன்.

குசினிக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. "பிள்ளை, அவரை அங்காலை இங்காலை போக விடாதை. உனக்கு முன்னாலை இருத்தி வைச்சுக் குத்து. இல்லாட்டில் என்ரை பேரையும் எழுதி ஒரு சொட்டுத் தந்திடுவார்."

அந்தப் பெண் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தாள். நான் திரும்பவும் கதிரையில் இருந்து, இடது கை மோதிர விரலை நீட்டினேன்.